வெள்ளாற்றுக்குத் திரும்பும் நீர்

பெரம்பலூர் மாவட்டத்தின் வடஎல்லையில், வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்திருக்கிறது லெப்பைக்குடிக்காடு. எதிர்க்கரையில் திட்டக்குடி. இரண்டுக்கும் இடையே விரிந்து கிடக்கிறது ஆற்றின் மணற்பரப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைபுரண்டு ஓடுவதும், தை பிறந்தபின் மெல்ல மெல்ல மணலுக்குள் ஒதுங்கிக்கொள்வதும் இந்த ஆற்றின் இயல்பு. சேலம், நாமக்கல் பகுதி மலைகளில் பிறந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு எனப் பெயர் பெறுகின்றன. தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என ஊர்களைத் தொட்டுச் சென்று, இறுதியில் பரங்கிப்பேட்டையில் அது கடலோடு கலக்கிறது.

லெப்பைக்குடிக்காட்டையும் பரங்கிப்பேட்டையையும் நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரண்டும் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் ஊர்கள். ஒன்று ஆற்றின் நடுவழியில். மற்றொன்று அதன் முகத்துவாரத்தில். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் உறவு கொள்வினை கொடுப்பினை மட்டுமன்று. ஒரே ஆற்றின் நீரும் அவற்றை இணைக்கிறது. மேலே உள்ளவர் விட்டதைக் கீழே உள்ளவர் பெறுகிறார் என்பதுதான் ஆற்றின் சட்டம். அந்தச் சட்டத்தை நாம் எவ்வாறு மதித்தோம், எங்கே மறந்தோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரைக் கொணர்ந்தோர்

இந்தப் பகுதியின் அரசியல் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே உள்ள வாலிகண்டபுரம், 17-ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானகத்தின் தென்பகுதி ஆளுநராக விளங்கிய ஷேர் கான் லோதியின் தலைமையிடம். 1673-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கு இடமளித்தவர் அவரே. பரங்கிப்பேட்டைத் துறைமுகமும் அவருடைய ஆட்சி வட்டத்துக்குள் இருந்தது. மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம் வணிகர்களால் வழங்கப்பட்ட துறை அது. 1677-இல் சிவாஜியின் படையெடுப்போடு லோதியின் அதிகாரம் முடிவுக்கு வந்தது. அருகிலுள்ள ரஞ்சன்குடிக் கோட்டையும், 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இப்பகுதியில் மோதிக்கொண்ட போரும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன.

நீரின் வரலாற்றிலும் ஒரு பாதி எழுதப்பட்டிருக்கிறது. அது நீரைக் கொண்டுவந்தவர்களின் வரலாறு. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் அமைத்த சோழகங்கம் என்னும் ஏரியை, நீராலே எழுப்பிய வெற்றித்தூண் என்ற கருத்தில் போற்றுகின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். இன்று பொன்னேரி என வழங்கும் அந்த ஏரிக்குக் கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் வந்தன என 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, அதற்கான கற்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலிருந்தே பெயர்த்து எடுக்கப்பட்டன. நீர் தேக்கிய மன்னனின் கோயில் மதில், நீர் தேக்கும் அணைக்கே இரையாயிற்று!

இஸ்லாமிய வரலாற்றிலும் இதே பாங்கைக் காணலாம். அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார், மக்காவுக்கு வரும் ஹாஜிகள் தாகத்தால் வாடக் கண்டு, மலைகளைக் குடைந்து கால்வாய் அமைத்தார். ஐனு ஸுபைதா என்னும் அந்த நீர்வழி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயரைச் சுமந்து நின்றது. நீரைக் கொண்டுவந்தவர்களுக்குப் புகழ் கிடைத்தது, அதில் வியப்பில்லை. ஆனால், பயன்படுத்திய நீரை ஊருக்குத் தீங்கில்லாமல் வெளியேற்றியவர் யார்? அவர்கள் பெயரை எந்தச் செப்பேடும் பொறிக்கவில்லை. வரலாறு மறந்த அந்த மறுபாதியைத்தான் இன்று நாம் ஆற்று மணலில் காண்கிறோம்.

வடித்தவர்களின் வரலாறு

நீரை வடிப்பதைப் பற்றி நம் முன்னோர் எண்ணவே இல்லை எனச் சொல்லிவிட முடியாது. ஃபிக்ஹு நூல்கள் தஹாரத் என்னும் தூய்மை பற்றிய பாடத்தில்தான் தொடங்குகின்றன. எந்த நீர் தூய்மையானது, எது தூய்மைப்படுத்தவும் வல்லது, எவ்வளவு நீரில் எவ்வளவு அசுத்தம் விழுந்தால் அது கெடும் என்றெல்லாம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்தனர். ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லத்து அளவை எல்லையாகக் கொண்டனர். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் பள்ளிவாசல் ஹவுள் பத்துக்குப் பத்து முழம் இருக்க வேண்டும் என்ற வழக்கு இருந்துவருகிறது. நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறினாலும் நீர் கெட்டது என்பது எல்லாரும் ஒப்பிய முடிவு.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்நிலையின் ஓரம், மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்துத் தடுத்திருக்கிறார்கள். இம்மூன்று இடங்களும் எவை? மூன்றும் பொது இடங்கள். தன் தூய்மையைப் பேணும் ஒருவன் பிறர் தூய்மையைக் கெடுக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

பின்னர் நகரங்கள் பெருகியபோது, இந்த நெறி நிருவாகமாக வடிவெடுத்தது. சந்தையையும் தெருவையும் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்காகக் கையேடுகள் எழுதப்பட்டன. 12-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, எகிப்தில் 1329-இல் மறைந்த இப்னுல் உகுவ்வா ஆகியோரின் கையேடுகள் புகழ்பெற்றவை. வீட்டிலிருந்து அழுக்குநீரைத் தெருவுக்கு விடும் வடிகாலை கோடையில் அடைத்துவிட வேண்டும். வீட்டுக்குள்ளேயே குழி தோண்டி அதைத் தேக்க வேண்டும் என்பது அக்கையேடுகள் முஹ்தஸிபுக்கு வகுத்த கடமைகளுள் ஒன்று. தண்ணீர் சுமந்து விற்போர் ஆற்றில் கரையோரத்து அழுக்கை விட்டு விலகி, உள்ளே சென்றே நீர் முகக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. இன்றைய சுகாதார ஆய்வாளர் செய்யும் பணி இதுவேயன்றோ?

மொரோக்கோவின் ஃபாஸ் நகரம் இன்னும் ஒரு படி முன்னேறியிருந்தது. அங்கே ஊற்று நீருக்கு ஒரு வழி, ஆற்று நீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி என மூன்று வழிகள் இருந்தன. நீர்ப்பங்கு பற்றியும் கழிவுநீர் பற்றியும் எழுந்த வழக்குகளுக்கு முஃப்திகள் அளித்த தீர்ப்புகள், 1508-இல் அந்நகரில் மறைந்த வன்ஷரீஸியின் பெருந்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. எனினும், ஃபாஸ் நகரத்துச் சாக்கடையும் கடைசியில் சேபூ ஆற்றையே சென்றடைந்தது. நகரம் சிறிதாக இருந்தவரை ஆறு பொறுத்துக்கொண்டது. மக்கள்தொகையும் தொழிலும் பெருகியபோது ஆறு நாறியது. சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அந்நகரம் இந்த நூற்றாண்டில்தான் கட்டியது. கழிவைப் பிரித்து அனுப்புவது வேறு, தூய்மைப்படுத்தி அனுப்புவது வேறு என்ற பாடத்தை ஃபாஸ் நமக்குக் கற்பிக்கிறது.

நம்மூரில் பழைய நாள்களில் என்ன நடந்தது? கிணற்றில் கயிறு போட்டு இறைத்த நீர் அளவோடு செலவாயிற்று. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் கொல்லையில் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தன. ஒளுச் செய்த நீர் பள்ளிவாசல் தோட்டத்து மரங்களுக்குச் சென்றது. ஆனால், அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்ற நாம் துணியமாட்டோம். ஏனெனில், பல ஊர்களில் எடுப்புக் கழிப்பிடங்களின் மலத்தை மனிதர்களின் கைகளும் தலைகளுமே சுமந்தன. நம் வீடுகளின் தூய்மைக்கு ஒரு கூட்டத்தார் தங்கள் மானத்தை விலையாகக் கொடுத்தனர். 1993-இலும் 2013-இலும் நாடாளுமன்றம் சட்டமியற்றி இக்கொடுமையைத் தடை செய்தது. அப்படியும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுத் திணறி மாண்டோர் செய்தியை நாளிதழ்களில் இன்றும் படிக்க நேர்கிறது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, குழி மூடப்படவில்லை.

குழாய் வந்தது, வடிகால் வரவில்லை

மாற்றம் நேர்ந்தது குழாய் வந்த பின்னர். 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. ஆற்று மணலில் கிணறுகள் அமைத்து, தொலைவிலுள்ள ஊர்களுக்கு நீர் அனுப்பும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பெருகின. தலையில் குடம் சுமந்து நடந்த நம் தாய்மாரின் துயரம் குறைந்தது. இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம். வளைகுடா நாடுகளில் உழைத்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் மாடி வீடுகள் எழுந்தன. மின்விசைப் பம்பு வந்தது. மாடிக்கு ஒரு குளியலறை, அறைக்கு ஒரு கழிப்பறை என்றாயிற்று. இறைத்து ஊற்றிய இடத்தில் திருகித் திறந்தோம். நீர்ச் செலவு பல மடங்காயிற்று.

அந்த வாரியத்தின் பெயரைக் கவனியுங்கள்: குடிநீர் வடிகால் வாரியம். இரண்டு சொற்களில் முதற்சொல் எல்லா ஊருக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாம் சொல் பெரிய நகரங்களோடு நின்றுவிட்டது. சிற்றூரின் வீட்டுக்குள் குழாய் வழியே புகும் நீர், வெளியேற வழியின்றித் தெருச் சாக்கடையில் இறங்கி, தாழ்வான இடம் தேடி ஓடுகிறது. ஆற்றங்கரை ஊரில் தாழ்வான இடம் எது? ஆறுதான்!

இந்தப் பிழையை முதலில் செய்தவர்கள் நாமல்லர். 19-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரமும் இதையே செய்தது. வீடுதோறும் நீர் ஊற்றும் கழிப்பறைகள் பெருக, அத்தனைக் கழிவும் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதே ஆற்றிலிருந்தே குடிநீரும் எடுக்கப்பட்டது. வாந்திபேதி அலையலையாக வந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. 1854-இல் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஒரு தெருப் பம்பின் நீரே அப்பகுதியில் நோய் பரவக் காரணம் என எடுத்துக்காட்டியும், ஆட்சியாளர் மனம் எளிதில் மாறவில்லை. 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தது. சன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதன் பின்னரே பஸல்கெட் என்னும் பொறியாளரின் சாக்கடைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நாற்றம் ஆள்வோரின் மூக்கை எட்டும்வரை காத்திருப்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

சிறிய ஊர்களுக்கென 1896-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்டு கேமரன் என்பவர் செப்டிக் டேங்கை அமைத்துக் காட்டினார். மூடிய தொட்டிக்குள் காற்றில்லாச் சூழலில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்க, கசடு அடியில் படியும். தெளிந்த நீர் மேலே வழியும். வழியும் அந்நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினாலும் நோய்க்கிருமிகளைச் சுமந்திருக்கும். ஆகவே அது உறிஞ்சுகுழிக்குள் இறங்கி மண்ணால் வடிகட்டப்பட வேண்டும். அடியில் படிந்த கசட்டை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். இதுதான் அதன் இலக்கணம்.

நாம் செய்தது என்ன? பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டு இலக்கணத்தை விட்டுவிட்டோம். நான்கைந்து சிமெண்டு உறைகளை இறக்கி, அடித்தளம் போடாமல் விட்டு, அதற்குச் செப்டிக் டேங்க் எனப் பெயரிட்டோம். அடியில்லாத குழி நிறைவதே இல்லை. நிறையாத குழியைத் திறமையான கொத்தனாரின் கைவண்ணம் என மெச்சினோம். உள்ளே சென்றது எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. நாற்பது அடி தள்ளி நம் வீட்டுக் கிணறு இருந்தது! அடித்தளம் உள்ள தொட்டிகளிலோ, வழியும் நீருக்கு உறிஞ்சுகுழி வெட்ட இடமில்லை எனக் கூறி, ஒரு குழாயைத் தெருச் சாக்கடையில் சொருகிவிட்டோம். நிறைந்தபோது லாரி வந்து உறிஞ்சிச் சென்றது. அது இரவில் எந்த ஓடையில் கொட்டியது என்பதையும் நாம் கேட்கவில்லை. கூலியைக் கொடுத்ததும் கடமை முடிந்ததென எண்ணிக்கொண்டோம்.

ஆற்றின் கணக்கு

ஓடும் ஆறு தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. அது பொய்யன்று, ஆனால் அதற்கோர் எல்லையுண்டு. தூய ஆற்றுநீரில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் அளவே உயிர்வளி கரைந்திருக்கும். மீன் உயிர்ப்பதும் கழிவை நுண்ணுயிர்கள் செரிப்பதும் அதைக் கொண்டுதான். ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடையைச் செரிக்கவோ 200 மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளி தேவைப்படும். குளிப்பதற்கு ஏற்ற ஆற்றில் இத்தேவை 3-க்கு மேற்படலாகாது. சுத்திகரித்து ஆற்றில் விடும் கழிவுநீரில் 30-க்கு மேற்படலாகாது. இவை அரசு வகுத்த அளவுகள். வெள்ளம் பெருகும் கார்த்திகையில் சிறு சாக்கடை கரைந்து மறையலாம். சித்திரையில், ஆறே மணலாகக் கிடக்கும்போது, கரைக்க நீர் ஏது? அப்போது ஆற்றில் ஓடுவது ஊர்கள் விட்ட நீர் மட்டுமே. அதுவே மணலில் இறங்கி, ஆற்றுக் கிணறுகளின் வழியாக மீண்டும் நம் குடத்துக்கு வருகிறது.

வெள்ளாற்றின் கதை அதன் தாய்நதியிலேயே தொடங்கிவிடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் இந்தியா முழுவதிலும் மாசுற்ற 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழகத்தின் ஆறு ஆறுகள் அதில் இடம்பெற்றன; அவற்றுள் ஒன்று வசிட்ட நதி. அதுவும் சாதாரண இடமன்று, மிக மோசமானவற்றுக்குரிய முதல் வரிசை. உயிர்வளித் தேவை 30-ஐத் தாண்டிய ஆறுகள் அவ்வரிசைக்கு உரியவை. 2022 அறிக்கையிலும் வசிட்ட நதி முதல் வரிசையிலிருந்து இறங்கவில்லை. சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவும் ஊர்ச் சாக்கடையும் அதற்குக் காரணங்கள். இந்நதியின் நீரைத்தான் வெள்ளாறு பெறுகிறது.

இதைப் படித்ததும் மேற்கே விரல் நீட்டத் தோன்றும். மேலே உள்ளவர் கெடுத்தார், நாம் பாதிக்கப்பட்டோம் என்று முறையிடத் தோன்றும். முறையீடு நியாயமானதே. ஆனால், கிழக்கே திரும்பிப் பார்ப்போம். பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் மீன் பிடித்து வாழும் ஏழைக்கு நாம்தானே மேலே உள்ளவர்கள்? அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையத்தார் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் முகத்துவாரத்துக்கு, நம் வீட்டுச் சாக்கடையும் தன் பங்கை அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறது? ஆற்றங்கரையில் கீழ்க்கரையார் இல்லாத ஊர் எதுவுமில்லை.

சட்டமும் சாலையும்

சட்டங்களுக்குக் குறைவில்லை. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமும், 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வடிகால் பற்றி விரிவாகப் பேசின. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கியது. கழிப்பிடக் கசடு மேலாண்மைக்கென 2014-இல் தமிழக அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, கசடு அகற்றும் ஊர்திகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் உரிமம் பெற்ற லாரி கொட்டுவதற்கு ஓரிடம் வேண்டுமே! அந்த இடம் இல்லாத ஊரில் சட்டப் புத்தகம் லாரிக்காரருக்கு வழி காட்டாது.

1995-இல் மாவட்டத் தலைநகராக உயர்ந்த பெரம்பலூரில் பாதாளச் சாக்கடை அமைக்கப்பட்டு, நெடுவாசலில் சுத்திகரிப்பு நிலையமும் ஏற்பட்டது. அந்நகரத்து வடிகாலின் இயற்கையான போக்கு மருதையாற்றை நோக்கியது. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் அந்த ஆற்றுக்கு ஒரு காவல் அவசியமாயிருந்தது. ஆனால் பேரூராட்சிகளின் நிலை வேறு. பூலாம்பாடி, அரும்பாவூர், குரும்பலூர், லெப்பைக்குடிக்காடு ஆகிய நான்கும் இம்மாவட்டத்துப் பேரூராட்சிகள். இத்தகைய சிற்றூர்களில் தெருவெல்லாம் தோண்டிப் பெருங்குழாய் பதிப்பதற்கும், பம்புகளை ஆண்டு முழுதும் ஓட்டுவதற்கும் ஆகும் செலவைத் தாங்குவது கடினம். அப்படியானால் சிற்றூருக்கு வழியே இல்லையா?

உண்டு. சென்னைக்குத் தெற்கே, மதுராந்தகத்துக்கு அருகில், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கருங்குழி என்னும் பேரூராட்சி வழிகாட்டியிருக்கிறது. தமிழகத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்கேதான் செயற்படத் தொடங்கியது. நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசட்டை ஏற்கும் திறன் கொண்டது அது. கருங்குழிக்கு மட்டுமின்றி, மதுராந்தகம் நகராட்சிக்கும் அது பயன்படுகிறது. அங்கே தெருவெங்கும் பாதாளக் குழாய் இல்லை. வீடுகளின் தொட்டிகளிலிருந்து லாரிகள் கொண்டுவரும் கசடு முதலில் சல்லடையில் வடிக்கப்படுகிறது. பிறகு உலர்த்தும் பாத்திகளில் பரப்பப்படுகிறது. கசடு மேலே தங்கி வெயிலில் காய்கிறது. நீர் கீழே கசிந்து சரளை வடிப்பானிலும் குளத்திலும் படிப்படியாகத் தெளிகிறது. காய்ந்த கசடு எருவுக்கு உதவுகிறது. உழவர் நெல்லைக் களத்தில் காயவைப்பது போன்ற எளிய முறை! பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. வெயிலும் காற்றும் மணலும் காலமும் வேலை செய்கின்றன. அண்டை ஊர்கள் பங்கு சேர்ந்தால் ஒரு நிலையம் பல ஊர்களுக்குப் போதும். வெள்ளாற்றின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்கு இம்முறை ஏன் பொருந்தாது?

நஜீஸான நீர் மீண்டும் தூய்மையாகுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இந்தக் கேள்வியை ஹிஜ்ரி 1398-இல், அதாவது 1978-இல், சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் மன்றம் எடுத்து ஆராய்ந்தது. நீரியல் வல்லுநரின் அறிக்கைகளையும் கேட்டறிந்தது. சுத்திகரிப்பினால் நிறம், சுவை, மணம் மூன்றும் முழுமையாக மீண்டுவிட்டால் அந்நீர் தூய்மையானதே என அது முடிவு கூறியது. அதே வேளையில், உடல்நலம் கருதி அதனைக் குடிக்காமல் தவிர்ப்பது நலம் என்றும் அறிவுறுத்தியது. ஆயிரம் ஆண்டுக்கு முன் வகுத்த மூன்று அடையாளங்கள் இருபதாம் நூற்றாண்டின் பொறியியலுக்கும் உரைகல்லாயின. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளை ஆய்வுக்கூடம் கணக்கிடட்டும். இரண்டும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமேது?

நம் பங்கு

இத்தனைக்கும் பின்னர் பேரூராட்சி செய்யட்டும், அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது நமக்கு அழகன்று. அவர்கள் செய்ய வேண்டியதை வற்புறுத்திக் கேட்போம். அதற்கு முன், நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவதாக, ஒவ்வொருவரும் தம் வீட்டுத் தொட்டிக்கு அடித்தளம் இருக்கிறதா, அதிலிருந்து வழியும் நீர் எங்கே செல்கிறது என்று கொத்தனாரையோ வீட்டுப் பெரியவரையோ கேட்டறிய வேண்டும். வீட்டின் வரைபடத்தில் தலைவாசலுக்குத் திசை பார்க்கும் நாம், தொட்டிக்கு அடி பார்ப்பதில்லை. இரண்டாவதாக, மூன்றாண்டுக்கு ஒருமுறை கசட்டை இயந்திரத்தால் மட்டுமே அகற்றச் செய்ய வேண்டும். எந்த மனிதரையும் குழிக்குள் இறக்கலாகாது. லாரி எங்கே கொட்டும் என்று கேட்ட பின்னரே கூலியைக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, கழிப்பறை நீரையும் குளியல் நீரையும் ஒன்றாக்கலாகாது. குளித்த நீருக்குக் கொல்லையில் ஒரு வாழைப்பாத்தி போதும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு பணியுண்டு. நாளும் ஐவேளை, வெள்ளிதோறும் பன்மடங்கு, பள்ளிவாசலில் ஒளு நீர் செலவாகிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை விரயமாக்கலாகாது என்பது நாமறிந்த நெறி. குழாயைச் சற்றே சிறுக்கத் திறக்கலாம். ஒளு நீரைச் சாக்கடையில் விடாமல் முன்போல் மரங்களுக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்பலாம். ஊருக்கு முன்மாதிரியாக எந்த வீடு நிற்க வேண்டும்? இறையில்லமன்றோ!

ஸுபைதா அம்மையாரின் பெயர் நிலைத்தது. நீரைக் கொண்டுவந்தவர் என்ற அந்தப் புகழைத் தேடிப் பலர் ஆழ்குழாய்க் கிணறு அமைத்து வக்ஃபு செய்கிறார்கள், நற்செயல்தான். ஆனால் இனி ஊருக்கு ஒரு நன்மை செய்ய விரும்பும் செல்வர், கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் ஒரு பாத்திக்கு இடம் கொடுத்தால் அதுவும் நிலையான தர்மமாகும் என நாம் கருதுகிறோம். அதன் மீது பெயர்ப்பலகை வைக்க எவரும் விரும்பமாட்டார். ஆகவே அதில் முகத்துதி நுழைய வழியும் இல்லை.

வெள்ளாற்றை இறைவன் நமக்குத் தந்தபோது அது தூய்மையாக வந்தது. அதன் நீரால் முகம் கழுவினோம், சோறு சமைத்தோம், நம் மய்யித்துகளைக் குளிப்பாட்டினோம். பிறப்பு முதல் இறப்பு வரை நம்மைத் தூய்மைப்படுத்திய ஆறு அது. அமானத்தாகப் பெற்ற பொருளைப் பெற்றபடியே திருப்பிக் கொடுப்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கம். கீழ்க்கரையில் குடத்தோடு நிற்கும் அந்த முகமறியாத சகோதரிக்கு நாம் என்ன நீரைத் திருப்பி அனுப்பப்போகிறோம்?